செயின் செட்டு வாங்குறதுக்கு முன்னாடி ஹப்பைப் பாருங்க: பின் சக்கர டிரைவை வீட்டுலயே குறைஞ்ச செலவுல சரி பண்ண முழு வழிகாட்டி

அக்கா மகன் தேவகோட்டையிலேர்ந்து புது செயின் செட்டை (செயினும் முன், பின் பல்லுச் சக்கரமும் சேந்தது) கவரோட ஹேண்டில்பார்ல மாட்டிக்கிட்டு வந்து நின்னான். "மாமா, இத மட்டும் மாட்டி விட்ருங்க, அரை மணி நேர வேலைதானே"ங்கறான். வண்டிய சென்டர் ஸ்டாண்ட் போட்டு பின் சக்கரத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சு அங்கிட்டும் இங்கிட்டும் ஆட்டிக் காமிச்சேன், டடக் டடக்குனு ஆடுது. "மாப்ள, இந்த ஹப்புல எந்த செட்டைப் போட்டாலும் நிக்காதுடா"ன்னேன். போன செட்டு எட்டாயிரம் கிலோமீட்டர்லயே போயிருச்சாம், டூப்ளிகேட் கொடுத்துட்டாங்கன்னு கடைக்காரரைத் திட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கான். தப்பு கடைக்காரர் மேல இல்ல, ஹப்புக்குள்ள, அதாவது சக்கரத்தோட நடுக் குடத்துக்குள்ள இருந்த ரப்பர் மேலயும் பேரிங் மேலயும்.

நான் புதுவயல் பக்கம் ஒரு ரைஸ் மில்லுல ஃபிட்டர். வாரம் பூரா கன்வேயர் செயினு, மோட்டார் செயினுன்னுதான் பொழப்பு, ஞாயித்துக்கிழமை கோட்டையூர்ல வீட்டுக்குப் பின்னாடி சொந்தக்காரப் பயலுக வண்டிய பாத்து விடுவேன். எல்லாரும் தடுமாறுறது ஒரே எடத்துலதான், வேலையோட வரிசையில. எதை முதல்ல லூஸ் பண்ணணும், எதைக் கடைசியா டைட் பண்ணணும், எதுக்குக் காசு போடணும். அந்த வரிசைப்படியே எழுதுறேன்.

1. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

சனிக்கிழமை சாயங்காலமே பரிசோதனைய முடிச்சுட்டு சாமான் வாங்கி வச்சிருங்க. ஞாயித்துக்கிழமை சக்கரத்தைக் கழட்டிப் போட்ட பிறகு ஒரு பேரிங் வேணும்னா காரைக்குடி பூரா அலைஞ்சாலும் பாதிக் கடை சாத்திக் கிடக்கும்.

ஸ்பேனர் செட்டு, பின் ஆக்சில் நட்டுக்கு நல்ல ரிங் ஸ்பேனர், 10 நம்பர் பாக்ஸ், கட்டிங் பிளேயர், தட்டையான திருப்புளி, சுத்தியல், ஒரு அடி நீளத்துக்கு இரும்புக் கம்பி, ஸ்டீல் ஸ்கேல், தைக்கிற நூல்கண்டு. தொடைக்க பனியன் வேஸ்ட் கால் கிலோ. கழுவ டீசலோ மண்ணெண்ணெயோ அரை லிட்டர், பெட்ரோல் வேணாம், ஏன்னு பின்னாடி சொல்றேன். 90 ஆயில் (கியர் ஆயில்), கொஞ்சம் கிரீஸ், புது ஸ்ப்ளிட் பின் ரெண்டு.

ரிங் ஸ்பேனர்னு குறிப்பா சொல்றதுக்குக் காரணம் இருக்கு. ஆக்சில் நட்டை அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் வச்சு முறுக்குனா மூலை மழுங்கிரும், அப்புறம் உளி வச்சு வெட்டித்தான் எடுக்கணும். இருநூறு ரூபா ஸ்பேனரை மிச்சம் பிடிச்சு ஆக்சில் வாங்குனவங்க இருக்காங்க.

எடமும் முக்கியம். சிமென்ட் தரை, இல்லன்னா ஒரு பழைய சாக்கு. முகப்புல ஆத்தங்குடி கல்லு பதிச்ச தரையில உக்காந்து ஆரம்பிச்சிராதீங்க, அது சிமென்ட் கல்லு, கறுப்பு எண்ணெய் இறங்குச்சுன்னா கறை போகாது, அப்புறம் ஆச்சிமாருக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.

செலவுக் கணக்கு ஒரு குத்துமதிப்புக்கு: நான் கடைசியா வாங்குனப்ப 100 சிசி வண்டிக்கு நல்ல கம்பெனி செயின் செட்டு ஆயிரத்தை ஒட்டி, 150 சிசிக்கு ஆயிரத்து ஐநூறை ஒட்டி. ஹப் ரப்பர் செட்டு நூறுலேர்ந்து இருநூறு, பேரிங் ஒண்ணு இருநூறை ஒட்டி. எல்லாரும் பெரிய தொகைய செயினுக்குப் போட்டுட்டு அந்த நானூறு ஐநூறை மிச்சம் பிடிக்கிறாங்க, அந்த நானூறுதான் ஆயிரத்தைக் காப்பாத்துது.

2. கழட்டாம முதல்ல சோதிங்க

எஞ்சின் ஆஃப், நியூட்ரல், சென்டர் ஸ்டாண்ட். எஞ்சின் ஓடும்போது செயின் பக்கம் துணியோட போகவே கூடாது. துணி பல்லுல மாட்டுனா விரலையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும், கைய எடுக்குறதுக்குக் கண்ணு இமைக்கிற நேரம்கூட கிடைக்காது.

செயின் தேய்மானம்: செயின் பிளேட்டுல 428, 520ன்னு நம்பர் அடிச்சிருக்கும். முதல் இலக்கம் ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் உள்ள தூரம், ஒரு இன்ச்சை எட்டாப் பிரிச்ச கணக்குல. 4ன்னா அரை இன்ச், அதாவது 12.7 மி.மீ. 5ன்னா 15.875. கீழ் பக்கச் செயினை விறைப்பா இழுத்துப் பிடிச்சு 20 கண்ணிய அளந்து பாருங்க. முதல் பின்னோட நடுவுலேர்ந்து 21வது பின்னோட நடு வரைக்கும். புது 428 செயின்னா 254 மி.மீ வரும். 257 வந்துச்சுன்னா காசு சேக்க ஆரம்பிங்க, 259 வந்துச்சுன்னா முடிஞ்சு போச்சு. 520 செயின் புதுசுல 317.5, அது 323ஐத் தொட்டா தூக்கிப் போடுங்க. சக்கரத்தைச் சுத்திச் சுத்தி மூணு எடத்துல அளங்க, செயின் ஒரே சீரா தேயாது.

ஸ்கேல் இல்லன்னா இன்னொரு வழி. பின் ஸ்ப்ராக்கெட்டோட (செயின் ஓடுற பல்லுச் சக்கரம், சுருக்கமா பல்லுன்னும் சொல்லுவோம்) பின்பக்க நடுவுல செயினைப் பிடிச்சு வெளிய இழுத்துப் பாருங்க. பாதிப் பல்லுக்கு மேல வெளிச்சம் தெரிஞ்சா செயின் போச்சு.

பல்லு: ஒரு பக்கமா சாஞ்சு சுறாமீன் துடுப்பு மாதிரி வளைஞ்சிருந்தா ஸ்ப்ராக்கெட் போச்சு. முன் சின்னப் பல்லுதான் முதல்ல தேயும், ஏன்னா பெரிய பல்லு ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள சின்னது மூணு சுத்து சுத்திருது. அது கவருக்குள்ள ஒளிஞ்சு கெடக்குறதால யாரும் பாக்குறதே இல்ல.

ஹப் ரப்பர்: கியர்ல போட்டு வச்சுட்டு பின் சக்கரத்தை முன்னுக்கும் பின்னுக்கும் உருட்டுங்க. பெரிய ஸ்ப்ராக்கெட் நிக்கும்போது சக்கரம் மட்டும் தனியா கொஞ்சம் ஆடுச்சுன்னா ரப்பர் சுருங்கிருச்சு. ஓட்டும்போது ஆக்சிலரேட்டரை விட்டு திரும்பக் குடுக்குறப்ப டக்குனு ஒரு சத்தம் வருதுல்ல, அது இதுதான்.

பேரிங்: சக்கரத்தோட மேல ஒரு கை கீழ ஒரு கை வச்சு பக்கவாட்டுல ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா இன்னொருத்தரை ஸ்விங் ஆர்ம்ல (பின் சக்கரத்தைத் தாங்குற கவை) கை வச்சுப் பாக்கச் சொல்லுங்க. ஸ்விங் ஆர்மும் சேந்து ஆடுனா அது புஷ்ஷு, சக்கரம் மட்டும் ஆடுனா பேரிங். இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டு பேரிங் மாத்தி, திரும்ப ஆடுதேன்னு வந்தவங்க நெறய.

இதெல்லாம் பாத்துட்டு ஒரு சீட்டுல எழுதிக்கிட்டு அப்புறம் கடைக்குப் போங்க.

3. என்ன வாங்கணும், எதுல காசு மிச்சம் பிடிக்கலாம்

செயினும் ரெண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேத்துத்தான் மாத்தணும். பழைய பல்லு பழைய செயினோட நீளத்துக்குத் தேஞ்சு போயிருக்கும், புது செயின் அதுல உக்காரும்போது முழு இழுப்பும் ரெண்டு மூணு பல்லுலதான் விழும். புது செயினும் வெரசா பழைய செயினாயிரும். "செயின் மட்டும் போட்டுக்கிறேன், பல்லு அடுத்த மாசம்"ங்கறது மிச்சமே இல்ல.

ஒரு கண்ணிய வெட்டி எடுத்துட்டு ஓட்டுறது இன்னொரு பழக்கம். செயின் நீளமாகுறது பிளேட்டு இழுபட்டு இல்லைங்க, ஒவ்வொரு பின்னும் உள்ள இருக்குற புஷ்ஷும் தேஞ்சு இடைவெளி விழுறதால. ஒரு கண்ணிய எடுத்தா மொத்த நீளம்தான் குறையும், மத்த நூத்திச் சொச்சம் கண்ணியும் பல்லு மேல ஏறித்தான் ஓடும்.

ஸ்ப்ராக்கெட்டைத் திருப்பி மாட்டலாமான்னு கேப்பீங்க. மில்லுல நாங்களே செய்வோம், அங்க வேகம் கம்மி, செயின் அறுந்தா மோட்டாரை நிறுத்திட்டு டீ குடிக்கப் போகலாம். ரோட்டுல அறுந்த செயின் சக்கரத்துல சுத்திக்கிட்டா என்னாகும்னு யோசிச்சுக்கங்க.

செயின்ல ரோலான், டைமண்ட் மாதிரி தெரிஞ்ச பேரா எடுங்க, கோயம்புத்தூர்லயும் சென்னையிலயும் இருக்குற நம்ம ஊர்க் கம்பெனிகதான், எல்லா எடத்துலயும் கிடைக்கும். பழைய ஸ்ப்ராக்கெட்டோட பல்லு எண்ணிக்கைய எண்ணி வச்சுக்கங்க. கடைக்காரர் "மைலேஜ் வரும்ணே"ன்னு முன்னால ஒரு பல்லு கூட உள்ளதைக் குடுப்பார். 14க்கு 42 இருந்தா விகிதம் 3, முன்னால 15 ஆக்குனா 2.8 ஆயிரும், இழுப்பு கிட்டத்தட்ட 7 சதவீதம் குறையும். தனியா ஹைவேஸ்ல போறவருக்கு ஓகே, பின்னால ஆளும் நெல்லு மூட்டையும் ஏத்துறவருக்கு கிளட்ச் கருகும்.

காசு மிச்சம் பிடிக்க வேண்டிய எடம் பேரிங். வண்டி கம்பெனி பேர் போட்ட டப்பாவுலதான் வாங்கணும்னு இல்ல. பழைய பேரிங் மேல 6301, 6202, 6203ன்னு ஏதோ ஒரு நம்பர் இருக்கும், அந்த நம்பர் உலகம் பூரா ஒண்ணுதான். 6301ன்னா உள் துளை 12, வெளி விட்டம் 37, தடிமன் 12 மி.மீ, யாரு செஞ்சாலும். மில்லுக்காரங்க வாங்குற பேரிங் கடையில நம்பரைச் சொல்லி நல்ல கம்பெனியா வாங்கிக்கலாம். நம்பருக்குப் பின்னால 2ஆர்எஸ்னு இருந்தா ரெண்டு பக்கமும் ரப்பர் மூடி, நம்ம செம்மண் புழுதிக்கும் கண்மாய்த் தண்ணிக்கும் அதுதான் சரி. இசட்இசட்னு இருந்தா தகரமூடி, புழுதி கொஞ்சம் கொஞ்சமா உள்ள போயிரும்.

4. முன் ஸ்ப்ராக்கெட்டை முதல்ல லூஸ் பண்ணுங்க

பெரும்பாலானவங்க தடுக்கி விழுற படி இது. ஆர்வத்துல முதல்ல செயினைக் கழட்டிருவாங்க, சக்கரத்தையும் கழட்டிருவாங்க, அப்புறம் முன் ஸ்ப்ராக்கெட் போல்ட்டைத் திருப்புனா ஷாஃப்ட்டும் சேந்து சுத்தும். பிடிக்கிறதுக்கு ஒண்ணும் இருக்காது. அதனால செயினும் சக்கரமும் வண்டியில இருக்கும்போதே, ஒருத்தர் பின் பிரேக்கை அழுத்திக்கிட்டு நிக்க, முன் போல்ட்டை லூஸ் பண்ணிருங்க. முழுசா கழட்ட வேணாம், கை விட்டா திரும்புற அளவுக்கு.

எஞ்சின் பக்கக் கவரைத் திறந்ததும் உள்ள ஒரு கறுப்புக் களி அப்பிக்கிடக்கும், பழைய ஆயிலும் செம்மண்ணும் சேந்து அடைமாவு பதத்துல. மொத்தத்தையும் சுரண்டி எடுங்க. எடுத்தாத்தான் பின்னால ஆயில் சீல் கசியுதான்னு தெரியும். ஷாஃப்ட்டைச் சுத்தி ஈரமா புது எண்ணெய் தெரிஞ்சா சீல் போயிருச்சு. சில வண்டியில வெளியிலேர்ந்தே நெம்பி எடுத்து மாத்திரலாம், சிலதுல எஞ்சினைப் பிரிக்கணும், அந்த வண்டிய மெக்கானிக்கிட்ட விடுங்க.

சின்ன வண்டிகள்ல ஸ்ப்ராக்கெட்டை ஒரு தட்டும் ரெண்டு சின்ன போல்ட்டும் பிடிச்சிருக்கும். போல்ட்டை எடுத்துட்டு தட்டைக் கொஞ்சம் திருப்புனா காடிக்கு நேரா வந்து வெளிய வந்துரும். அது 10 நம்பர் ஸ்பேனர் போடுற சின்ன போல்ட்டு, மாட்டும்போது கோவத்தை அதுல காட்டுனா உள்ளயே முறிஞ்சு நிக்கும். பெரிய வண்டிகள்ல ஒரே பெரிய நட்டு, அதுக்குக் கீழ மடிச்சு விட்ட லாக் வாஷர். மடிப்பை முதல்ல உளியால நிமித்திட்டு நட்டைத் திருப்புங்க.

5. செயினையும் சக்கரத்தையும் கழட்டுறது

செயின் லாக் (செயினோட ரெண்டு முனையையும் சேத்துப் பிடிக்கிற கிளிப்பு) இருக்குற கண்ணிய பெரிய ஸ்ப்ராக்கெட் மேல கொண்டு வந்து நிறுத்துங்க. அங்கதான் செயின் அசையாம இருக்கும். கட்டிங் பிளேயரோட ஒரு வாயை லாக்கோட திறந்த முனையிலயும் இன்னொன்னை பின்னுலயும் வச்சு அழுத்துனா லாக் வழுக்கிக்கிட்டு வரும். திருப்புளியால நெம்புனா பறந்து போயிரும், அப்புறம் பூரா பேரும் குனிஞ்சு தேடணும்.

அப்புறம் பிரேக் ராடு நட்டு, பிரேக் தட்டைப் பிடிச்சிருக்குற ஆங்கர் பட்டையோட ஸ்ப்ளிட் பின்னும் நட்டும், கடைசியா ஆக்சில் நட்டு. எதையும் உருவுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் போனுல போட்டோ எடுங்க. எந்தப் பக்கம் எந்த புஷ், எந்த வாஷர்ங்கறது ரெண்டு மணி நேரம் கழிச்சு நினைவுல இருக்காது, இருக்கும்னுதான் எல்லாரும் நினைக்கிறோம்.

சில 100 சிசி வண்டிகள்ல செயின் பக்கம் ரெண்டு நட்டு இருக்கும், ஒண்ணுக்குள்ள ஒண்ணு. வெளி நட்டை மட்டும் எடுத்து ஆக்சிலை உருவுனா சக்கரம் மட்டும் வந்துரும், ஸ்ப்ராக்கெட் அங்கயே ஸ்விங் ஆர்ம்ல தொங்கும். பஞ்சர் ஒட்டுறவங்க வசதிக்காக அப்படி. நமக்கு ஸ்ப்ராக்கெட்டும் வேணும், அதனால உள்ள இருக்குற பெரிய நட்டையும் கழட்டணும்.

டிரம்முக்குள்ள இருக்குற பிரேக் தூசிய வாயால ஊதாதீங்க, ஏர் அடிக்காதீங்க. பழைய லைனிங் தூசி நுரையீரலுக்கு ஆகாது, ஈரத்துணியில தொடச்சு எடுங்க.

6. ஹப் ரப்பர்

ஸ்ப்ராக்கெட் பிடிச்சிருக்குற தட்டை ஹப்புலேர்ந்து இழுத்தா உள்ள நாலஞ்சு ரப்பர் துண்டு இருக்கும். எஞ்சின் இழுக்குற ஒவ்வொரு அடியையும் இதுதான் வாங்கி மெதுவா சக்கரத்துக்குக் குடுக்குது. இது செத்துப் போனா அந்த அடி நேரா செயின் மேல, பல்லு மேல, கியர்பாக்ஸ் மேல. கல்லுல சுத்தியல் போடுறப்ப நடுவுல சாக்கு இருக்கா இல்லையாங்கறதுதான் வித்தியாசம்.

விரலால அமுக்கிப் பாருங்க. பொடியா உதிந்தா, வெடிச்சிருந்தா மாத்துங்க. ரப்பர் நல்லா இருந்து கொஞ்சம் சுருங்கி மட்டும் இருந்தா காசில்லாத வழி இருக்கு: பழைய டியூப்பை ரப்பரோட அகலத்துக்குப் பட்டையா வெட்டி ஒவ்வொரு துண்டுக்கும் பக்கத்துல சொருகுங்க. எல்லா அறையிலயும் ஒரே மாதிரி, ஒரே பக்கம். ஒண்ணுல ரெண்டு பட்டை, இன்னொன்னுல ஒண்ணுன்னு போட்டா இழுப்பு ஒரே துண்டுல விழுந்து அது மட்டும் நசுங்கும். இந்த வைத்தியம் கொஞ்ச நாளைக்குத் தாங்கும், அதுக்குள்ள புதுசு வாங்கிக்கலாம்.

புது ரப்பர் இறுக்கமாத்தான் போகும், போகணும். சோப்புத் தண்ணி தடவி உள்ளங்கையால குத்துங்க. கிரீஸோ ஆயிலோ தடவுனா ரப்பர் ஊறி உப்பி, சீக்கிரமே களியாப் போயிரும்.

7. பேரிங், நடுவுல இருக்குற குழாய மறந்துராதீங்க

ஹப்புக்குள்ள ரெண்டு பேரிங், அதுக்கு நடுவுல ஒரு குழாய். ஸ்ப்ராக்கெட் தட்டுக்குள்ள பெரும்பாலும் இன்னொரு பேரிங். விரலை உள்ள விட்டு மெதுவா சுத்திப் பாருங்க, மணல் அரைக்கிற மாதிரி நெருடுனா மாத்துங்க. தட்டுக்குள்ள இருக்குறதைத்தான் எல்லாரும் விட்டுர்றாங்க. செயினோட இழுப்பு நேரா அது மேலதான், முதல்ல போறதும் அதுதான்.

கழட்டுறப்ப இரும்புக் கம்பிய உள்ள விட்டு நடுக்குழாய ஒரு ஓரமா தள்ளுனா எதிர் பேரிங்கோட உள் வளையம் கொஞ்சம் தெரியும். அங்க கம்பிய வச்சு ஒரு அடி, எதிர்ப் பக்கம் ஒரு அடின்னு மாத்தி மாத்தித் தட்டுங்க. ஒரே பக்கம் அடிச்சா கோணிக்கிட்டு ஹப்பைக் கீறிரும். அசையலைன்னா கொதிக்கிற தண்ணிய ஹப் மேல ஊத்துங்க, அலுமினியம் இரும்பைவிட கூடுதலா விரியும், பிடி விட்டுரும். புது பேரிங்கை ராத்திரியே பிளாஸ்டிக் கவர்ல சுத்தி ஃப்ரீசர்ல போட்டு வைங்க, அது சுருங்கி இருக்கும், சூடான ஹப்புல சுளுவா இறங்கும்.

இறக்கும்போது வெளி வளையத்துல மட்டும்தான் அடி விழணும். உள் வளையத்துல அடிச்சா அந்த அடி பூரா உள்ள இருக்குற குண்டு வழியாத்தான் போகும், பொருத்துறதுக்கு முன்னாடியே பேரிங் காயம்பட்டுரும். பழைய பேரிங்கை மேல வச்சு அது மேல தட்டுங்க, அளவு அதே அளவுதானே.

வரிசை: ஒரு பக்கப் பேரிங்கை அடி வரைக்கும் இறக்குங்க, நடுக்குழாயப் போடுங்க, அடுத்த பேரிங் குழாயத் தொடுற வரைக்கும் இறக்குங்க, அதோட நிறுத்துங்க. நான் முதமுதல்ல இந்த வேலைய செஞ்சப்ப குழாய ஜன்னல் திட்டுல வச்சுட்டு மறந்துட்டேன். எல்லாம் பூட்டி, ஜம்முனு குன்றக்குடி தாண்டிப் போறேன், பின்னாடி கிரீச்சுனு ஒரு சத்தம், கொஞ்ச தூரத்துல சக்கரமே சுத்த மாட்டேங்குது. குழாய் இல்லன்னா ஆக்சில் நட்டை இறுக்குற இறுக்கு ரெண்டு உள் வளையத்தையும் உள்பக்கமா நெருக்கி பேரிங்கைக் கொன்னுரும். மத்தியான வெயில்ல பாதி தூக்கி பாதி தள்ளி வண்டியக் கொண்டாந்து சேத்தேன். வீட்டுக்கு வந்தா குழாய் ஜன்னல்ல பளபளன்னு உக்காந்திருக்கு.

புது பேரிங் கையாலயே உள்ள போய்ட்டா ஹப்போட குழி தேஞ்சிருச்சுன்னு அர்த்தம். பஞ்ச் வச்சு சுத்திப் புள்ளி அடிச்சு பிடி வர வைப்பாங்க, அது ஒரு மழைக்காலம் தாங்குனா பெருசு. லேத்துல குடுத்து ஸ்லீவ் போடச் சொல்லுங்க, இல்ல அந்தத் தட்டையே மாத்துங்க.

சக்கரம் வெளிய இருக்குறப்பவே ஸ்விங் ஆர்மை பக்கவாட்டுல ஆட்டிப் பாத்துருங்க, செயின் உரசாம இருக்க முன்னால போட்டிருக்குற ரப்பர் ஸ்லைடரையும் பாருங்க.

8. ஸ்ப்ராக்கெட்டு, செயினு மாட்டுறது

பெரிய ஸ்ப்ராக்கெட் உக்காருற முகத்தைக் கம்பி பிரஷ் போட்டுச் சுத்தம் பண்ணுங்க. ஒரு துணுக்கு களி இருந்தாலும் ஸ்ப்ராக்கெட் தட்டாம்பூச்சி மாதிரி ஆடிக்கிட்டே சுத்தும். நட்டை எதிரெதிரா இறுக்குங்க, லாக் வாஷர் இருந்தா மடிச்சு விடுங்க, மடிக்காம விட்டு நட்டு ஒவ்வொண்ணா ரோட்டுல உதிர்ந்த வண்டிய பாத்திருக்கேன்.

புது செயினைப் பழசோட நீளம் வச்சு ஒப்பிடாதீங்க, பழசு நீண்டு போயிருக்கும். கண்ணிய எண்ணுங்க. கூடுதலா இருந்தா பின் தலையை கிரைண்டர்ல தேச்சுட்டுத் தட்டி எடுங்க.

இப்ப லாக். மீன் மாதிரி இருக்கும், ஒரு பக்கம் மூடுன தலை, ஒரு பக்கம் பிளந்த வாலு. செயின் ஓடுற திசையில மீன் நீந்தணும், தலை முன்னால. மேல் பக்கச் செயின் எஞ்சினைப் பாத்து ஓடுது, அதனால லாக் மேல இருக்கும்போது தலை எஞ்சினைப் பாக்கணும். வாலு முன்னால இருந்தா எங்கயாவது தட்டி லாக் கழண்டுக்கும். பழைய லாக்கைத் திரும்பப் போடாதீங்க, ஒரு தடவை விரிஞ்சா பிடி போச்சு.

முன் ஸ்ப்ராக்கெட் போல்ட்டைக் கடைசி இறுக்கு இறுக்குறது செயின் மாட்டுன பிறகுதான், கழட்டுன அதே காரணம், பிரேக்கைப் பிடிச்சுக்கிட்டு.

9. நேர் பாக்குறதும் லூஸ் வைக்கிறதும்

ஸ்விங் ஆர்ம்ல கோடு கோடா அடிச்சிருக்குற மார்க்கை முழுசா நம்பாதீங்க. ரெண்டு பக்கமும் ஸ்விங் ஆர்ம் போல்ட்டோட நடுவுலேர்ந்து ஆக்சில் நடு வரைக்கும் அளந்து பாருங்க, ரெண்டும் ஒண்ணா வரணும். அதுக்கு மேல கொத்தனார் மாதிரி நூல் பிடிங்க: பின் டயரோட ரெண்டு ஓரத்தையும் தொடுற மாதிரி நூலை முன் சக்கரம் வரைக்கும் இழுங்க, ரெண்டு பக்கமும். முன் டயருக்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கணும். கடைசியா பின்னாலேர்ந்து ஒத்தக்கண்ணை மூடிக்கிட்டு செயினைப் பாருங்க, பெரிய பல்லுலேர்ந்து கிளம்புற எடத்துல வளைவு தெரியக்கூடாது. நேர் இல்லன்னா பல்லோட ஒரு கன்னம் மட்டும் பளபளன்னு தேயும்.

லூஸ் எவ்வளவுன்னு செயின் கவர்லயோ வண்டி புக்குலயோ போட்டிருக்கும், சின்ன வண்டிகளுக்குப் பெரும்பாலும் 20லேர்ந்து 30 மி.மீக்குள்ள, கீழ் செயினோட நடுவுல மேலயும் கீழயும் ஆட்டிப் பாக்குறப்ப. சக்கரத்தைச் சுத்தி எங்க ரொம்ப இறுக்கமா இருக்கோ அந்த எடத்துல இந்த அளவு வைங்க. லூஸான எடத்துல அளந்து வச்சா இறுக்கமான எடம் வரும்போது விண்ணுனு நிக்கும்.

புது ஆளுங்க எல்லாரும் டைட்டாத்தான் வைப்பாங்க, டைட்டா இருந்தாத்தான் நல்லதுன்னு ஒரு எண்ணம். வண்டியில ஆளு உக்காந்து ஸ்விங் ஆர்ம் மேல ஏறும்போது ரெண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவுல தூரம் கூடும், செயின் இன்னும் இறுகும். அந்த இழுப்பு கியர்பாக்ஸ் ஷாஃப்ட் பேரிங்குக்கும் சீலுக்கும் போகும், அங்க செலவு ஆயிரத்துல நிக்காது. சந்தேகமா இருந்தா ரெண்டு மி.மீ லூஸாவே விடுங்க.

ஆக்சில் நட்டை இறுக்குறப்ப சக்கரம் லேசா நகரும், வச்ச அளவு மாறிரும். இதுக்கு ஒரு வழி: துணியச் சுருட்டி மேல் செயினுக்கும் பெரிய பல்லுக்கும் நடுவுல வச்சு, எஞ்சின் ஆஃப்ல, சக்கரத்தைக் கையால பின்னுக்கு உருட்டுங்க. செயின் துணியக் கவ்வி ஆக்சிலை அட்ஜஸ்டரோட ஒட்ட வச்சுரும். அப்படியே நட்டை இறுக்கிட்டு, முன்னுக்கு உருட்டி துணிய எடுத்துட்டு, லூஸை இன்னொரு தடவை பாருங்க.

10. கிளம்புறதுக்கு முன்னாடி

ஆங்கர் பட்டை நட்டும் புது ஸ்ப்ளிட் பின்னும். இதை விட்டுட்டா முதல் பிரேக்குல பிரேக் தட்டு சுத்தி சக்கரம் பூட்டிக்கும், ஆளு கீழ. மத்த எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க. பிரேக் ராடைச் சரியா வச்சு, பிரேக் லைட் எரியுதான்னு பாத்து, தெருவுக்குள்ளயே மெதுவா ரெண்டு தடவை பிரேக் பிடிச்சுப் பாத்துட்டு ரோட்டுக்குப் போங்க.

முதல் 100 கிலோமீட்டர்ல லூஸைத் திரும்பப் பாருங்க. புது செயின் உக்காரும், கொஞ்சம் லூஸ் விழுறது சகஜம்.

அப்புறம் 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை தொடச்சு 90 ஆயில். நம்ம பக்கம் செம்மண் ரோட்டுல, மில்லு தவிட்டுத் தூசியில ஓடுறவங்க அதுக்கு முன்னாடியே. ஓட்டிட்டு வந்து செயின் சூடா இருக்கும்போது கீழ் செயினோட உள்பக்கமா சொட்டு சொட்டா விட்டு, பத்து நிமிஷம் கழிச்சு வெளிய இருக்குறதைத் தொடச்சு எடுத்துருங்க. கிரீஸை அப்பாதீங்க, அதுல ஒட்டுற செம்மண்ணு உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். ஓ-ரிங் செயினுக்கு (கண்ணிக்குக் கண்ணி ரப்பர் வளையம் வச்சது) பெட்ரோலும் கம்பி பிரஷும் ஆகாது, ரெண்டும் ரப்பர் வளையத்தைக் கெடுத்து உள்ள அடைச்சு வச்ச கிரீஸை வெளிய விட்டுரும். ஐப்பசி கார்த்திகை மழையில நனைஞ்சா அன்னைக்கு ராத்திரியே ஆயில், காலையில பாத்துக்கலாம்னு விட்டா துரு பூத்து நிக்கும்.

பழைய செயினைப் பழைய இரும்புக்குப் போட்டுருங்க, "சும்மா குடுண்ணே நான் போட்டுக்கிறேன்"னு யாராவது கேட்டாலும் குடுக்காதீங்க. பழைய பேரிங்ல ஒண்ணை மட்டும் எடுத்து வைங்க, அடுத்த தடவை தட்டுறதுக்கு ஆகும். சீட்டுக்கு அடியில டூல் பையில ஒரு புது செயின் லாக், பத்து இருபது ரூபாதான். அக்கா மகன் வண்டியிலயும் ஒண்ணு போட்டு விட்டேன், மறு வாரமே சாக்கோட்டை பக்கத்துல வேற யாருக்கோ குடுத்துட்டு வந்துட்டான்.